நாட்காட்டிக்கும் விடுதிக்கும் பறவைப் படங்களைக் கேட்கிறார்கள்: எதை விற்பது, எப்படி விலை சொல்வது?

கேள்வி: மூலைக்கரைப்பட்டி மாணவன்

அனைவருக்கும் வணக்கம். மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வசிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேரக் காத்திருக்கிறேன், வயது 17. சித்தப்பா கொடுத்த 24 மெகாபிக்சல் கேமராவும் 70-300 மில்லிமீட்டர் லென்சும் வைத்திருக்கிறேன். கூந்தன்குளம் சைக்கிளில் போய்வரும் தூரம் என்பதால், மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, வரித்தலை வாத்து ஆகியவற்றை இரண்டு பருவங்களாகப் படமெடுத்து வருகிறேன். மணிமுத்தாறு பக்கம் எடுத்த மீன்கொத்தி, பனங்காடைப் படங்களும் சில உள்ளன.

என் படங்களைப் பார்த்த இருவர் இப்போது விலைக்குக் கேட்கிறார்கள். குற்றாலத்தில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், அறைகளில் மாட்டுவதற்குச் சட்டமிட்ட படங்கள் ஆறு வேண்டும் என்கிறார். நாட்காட்டி அச்சிடும் நிறுவனம் ஒன்று, நாரை குஞ்சுக்கு இரை ஊட்டும் படம் உட்பட ஐந்து படங்களுக்கு மொத்தம் 2,000 ரூபாய் தருவதாகவும், மூலக் கோப்புகளோடு 'சகல உரிமைகளையும் நிரந்தரமாக' எழுதித் தரவேண்டும் என்றும் கடிதம் அனுப்பியிருக்கிறது. முதன்முதலாக என் படத்துக்குப் பணம் தருவதாக ஒருவர் சொல்வதால் மறுக்கவும் மனம் வரவில்லை. சம்மதிக்கவும் தயக்கமாக இருக்கிறது. விலையை எப்படி முடிவு செய்வது? சரணாலயத்தில் எடுத்த படத்தை விற்கலாமா? இணையத்தில் படங்களை விற்கும் தளங்களில் சேருவது பயன் தருமா? அனுபவமுள்ள அண்ணாச்சிமாரும் அக்காமாரும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: பாளையங்கோட்டை ஸ்டூடியோ

தம்பி, விடுதிக்காரர் கேட்பதை முதலில் பார்ப்போம். அதுதான் எளிது, லாபமும் அதில்தான் கூடுதல்.

உங்கள் கேமராவின் முழுப் படம் 6000 × 4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 × 13 அங்குலம் வரை குறையில்லாமல் வரும். சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 200 புள்ளியே போதும் என்பதால் 30 × 20 அங்குலம் வரையும் போகலாம். ஆனால் 300 மில்லிமீட்டர் லென்சில் எடுத்த பறவை பெரும்பாலும் சிறிதாகத்தான் விழுந்திருக்கும். அதைப் பெரிதாக்கிக் காட்ட ஓரங்களை வெட்டியிருப்பீர்கள். நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டிய படத்தில் மிஞ்சுவது 3000 × 2000 பிக்சல், அதாவது 10 × 7 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான தெளிவான அச்சு. எனவே விடுதிக்காரரிடம் அளவை ஒப்புக்கொள்ளும் முன் ஒவ்வொரு படத்திலும் வெட்டிய பின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கிய இறகு கண்ணாடிக்குள் போனதும் காட்டிக்கொடுத்துவிடும்.

குற்றாலம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாரல் மாதங்களில் அறைச் சுவர்களில் ஈரம் ஏறி நிற்கும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பளபளப்புத் தாள் அந்த ஈரத்தில் பிடித்துக்கொண்டு, பிறகு பிரிக்கவே முடியாது. மங்கல் பரப்புள்ள தாளில், பிக்மென்ட் மையால் அச்சிட்டு, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்பக்கத்தையும் நாடா ஒட்டி மூட வேண்டும். செலவு கூடினாலும் படம் பல ஆண்டுகள் நிறம் மாறாமல் இருக்கும். அந்த விடுதிக்கு வருகிறவர்கள் கீழே உங்கள் பெயரைப் பார்த்து விசாரிப்பார்கள்.

விலையைப் பொறுத்தவரை என் வழக்கத்தைச் சொல்கிறேன். அச்சு, அட்டை, சட்டம், எடுத்துச்செல்லும் செலவு எல்லாவற்றையும் கூட்டி, அதைப்போல் இரண்டரை மடங்குக்குக் குறையாமல் கேட்பேன். ஒரு படத்துக்கு 1,500 ரூபாய் அடக்கம் என்று வைத்துக்கொண்டால் 3,750 ரூபாய்க்குக் கீழே இறங்க மாட்டேன். பாதித் தொகையை முன்பணமாக வாங்கிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

நாட்காட்டிக்காரரைப் பற்றி என் எண்ணம்: தொகை குறைவுதான், ஆனாலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் உங்கள் படம் ஓராண்டு தொங்கும். தொடக்கத்தில் இருக்கும் உங்களுக்கு அந்த அறிமுகம் பெரிது. பெயர் போடச் சொல்லி ஒப்புக்கொள்ளலாம்.

பதில்: வண்ணார்பேட்டை வழக்கறிஞர்

ஸ்டூடியோ அண்ணாச்சி அச்சைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரி. நாட்காட்டி விஷயத்தில் மட்டும் அவரோடு உடன்பட முடியவில்லை. அந்தக் கடிதத்தில் இப்போது உள்ளபடி கையெழுத்திடாதீர்கள், தம்பி.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக எடுத்த படத்தின் முதல் உரிமையாளர் நீங்கள்தான். எந்த அலுவலகத்திலும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. எடுத்த நொடியிலேயே உரிமை உண்டாகிவிடுகிறது. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். உங்களுக்கு 70 வயதைக் கடந்த பிறகும் அந்த நாரைப் படத்துக்கு நீங்களும், உங்களுக்குப் பின் உங்கள் வாரிசுகளும் கட்டணம் கேட்க முடியும் என்பதே இதன் பொருள். 2,000 ரூபாய்க்கு எழுதித் தரச் சொல்வது அத்தனை ஆண்டுகளையும் சேர்த்துத்தான். எழுதிக்கொடுத்துவிட்டால், அதே படத்தை நீங்கள் குற்றாலத்து விடுதிக்கு அச்சிட்டுக் கொடுப்பதற்கே அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். இதை ஊன்றிக் கவனியுங்கள்.

நாட்காட்டி நிறுவனத்துக்கு உண்மையில் தேவைப்படுவது ஓர் ஆண்டுக்கான ஒரு நாட்காட்டியில் அந்தப் படத்தை அச்சிடும் அனுமதி மட்டுமே. அதை மட்டும் கொடுங்கள். உரிமையை அடியோடு மாற்றித் தருவது வேறு, பயன்படுத்த அனுமதி தருவது வேறு. இரண்டுமே எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உரிமை மாற்றப் பத்திரத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கருதிக்கொள்கிறது. ஆனால் உங்களுக்கு வந்த கடிதத்தில் 'நிரந்தரமாக' என்று வெளிப்படையாக எழுதியிருப்பதால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது.

விடுதிக்காரர் விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே எடுத்த படங்களை அவர் வாங்குவதில் சிக்கல் இல்லை. நாளைக்கே அவர் பணம் கொடுத்து, 'எங்கள் விடுதியைச் சுற்றியுள்ள பறவைகளை எடுத்துத் தாருங்கள்' என்று அழைத்தால் நிலைமை மாறிவிடும். ஒருவர் கேட்டுக்கொண்டு ஊதியம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், 17ஆம் பிரிவின்படி அவரே முதல் உரிமையாளர். ஆகவே அப்படிப்பட்ட வேலைக்குப் போகும் முன் 'பதிப்புரிமை எடுத்தவருக்கே' என்ற ஒரு வரியை எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இன்னும் 18 வயது நிறையவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 11ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் தாமே ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. படங்களின் உரிமை உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் இப்போதைக்கு உங்களுக்காக அப்பாவோ அம்மாவோ காப்பாளர் என்ற முறையில் கையெழுத்திட வேண்டும். இணையத் தளங்களில் பெரியவை விற்பனையாளருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதால், அதற்கும் காத்திருக்கத்தான் வேண்டும்.

மூலக் கோப்பு, அதாவது கேமரா பதிவுசெய்த திருத்தப்படாத ரா கோப்பு, உங்கள் கையை விட்டுப் போகவே கூடாது. நாளை ஒருவர் 'இது என் படம்' என்று சொன்னால், அதை நீங்கள்தான் எடுத்தீர்கள் என்பதற்கு வலுவான சான்று அதுவே. பார்வைக்கு அனுப்பும்போது நீளப் பக்கம் 1200 பிக்சலுக்கு மேல் வேண்டாம். பணம் வந்த பிறகு அச்சுக்குரிய ஜேபெக் கோப்பு போதும்.

பதில்: அம்பாசமுத்திரம் பறவை நோக்கர்

தம்பிக்கு வணக்கம். மற்ற இருவரும் தொடாத பக்கத்தைச் சொல்கிறேன்.

கூந்தன்குளம் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றதாகவும் அறிவித்தார்கள். ஆனால் அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, தீபாவளிக்கு வெடி வெடிக்காமலும், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்தும் அந்தப் பறவைகளைக் காத்து வந்தவர்கள் ஊர்மக்கள். நீங்கள் விற்கப்போகும் படம் அவர்கள் பொறுமையால் கிடைத்தது. வீட்டு வாசல் மரத்தில் கூடு இருக்கிறது என்பதற்காக அடியில் நெருங்கி நின்று, தாய்ப்பறவை எழுந்து பறக்கும்வரை படமெடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிறிது நேர வெயிலே இறகு முளைக்காத குஞ்சுக்கு ஆபத்து. காகமும் அதற்காகவே காத்திருக்கும். படத்துக்குச் சந்தை உண்டு என்று தெரிந்ததும் இந்த நெருக்கம் கூடும். அதனால்தான் கூட்டில் இருக்கும் பறவைகளின் படங்களை ஏற்பதில்லை என்று பல போட்டிகள் விதி வைத்திருக்கின்றன. உங்கள் இரை ஊட்டும் படம் தெருவில் நின்று தூரத்திலிருந்து எடுத்ததாக இருந்தால், படக்குறிப்பில் அதை எழுதிவிடுங்கள்.

சரணாலயத்தில் எடுத்த படத்தை விற்கலாமா என்ற கேள்விக்கு: 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 28ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் புகைப்படம் எடுப்பதற்கு அனுமதி வழங்க இடம் தருகிறது. பார்வையாளராக நுழைந்து எடுப்பதும், வணிக நோக்கத்தோடு எடுப்பதும் ஒன்றல்ல. ஊர்த் தெரு எங்கே முடிகிறது, சரணாலய எல்லை எங்கே தொடங்குகிறது என்பதையும், விற்பனைக்கு எடுப்பதற்கு என்ன அனுமதி வேண்டும் என்பதையும் அங்குள்ள வனத்துறை அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மாஞ்சோலை, குதிரைவெட்டி, முண்டந்துறைப் பக்கம் போனால் அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அங்கே அனுமதியில்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்டவே எண்ணாதீர்கள். சோலைமந்தியோ இருவாச்சியோ கிடைத்தால், கோப்பில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் இடக்குறிப்பை நீக்கிவிட்டுத்தான் யாருக்கும் அனுப்ப வேண்டும். இருவாச்சி ஆண்டுதோறும் அதே மரப்பொந்துக்குத் திரும்பி வரும் பறவை. இடம் வெளியே தெரிந்துவிட்டால் கூட்டம் வந்துவிடும்.

இணையத் தளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. படம் விற்ற தொகையில் எடுத்தவருக்கு அடோபி ஸ்டாக் 33 விழுக்காடும், ஷட்டர்ஸ்டாக் 15 முதல் 40 விழுக்காடு வரையும் தருகின்றன. ஆனால் நீல வானத்தில் பறக்கும் நாரைப் படம் அங்கே ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. அங்கே இல்லாதது, ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த மரத்தில் நாரைகள் அடைகாக்க, கீழே ஒரு பாட்டி வாசல் தெளிக்கும் காட்சி. வெளியூரிலிருந்து ஒரு காலைப் பொழுதுக்கு வந்துபோகிறவருக்கு அது வாய்க்காது, உங்களுக்கு வாய்க்கும். பத்திரிகைகளும் பாடநூல் வெளியிடுவோரும் தேடுவது இத்தகைய படங்களையே. அதில் முகம் தெரியும் பாட்டியிடம் விளக்கிச் சொல்லிச் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். படம் விற்றால் ஒரு பிரதியை அவருக்குச் சட்டமிட்டுக் கொடுப்பதும் முறை.

மூலைக்கரைப்பட்டி மாணவன்

மூவருக்கும் மிக்க நன்றி. இரை ஊட்டும் படம் எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து, அந்த வீட்டாரின் அனுமதியோடு எடுத்தது. தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழவில்லை. வனத்துறை அலுவலகத்துக்கு அப்பாவோடு நாளை போகிறேன். வழக்கறிஞர் ஐயா, நாட்காட்டி நிறுவனத்துக்கு எப்படி எழுதுவது? மறுத்தால் வேறு படத்துக்குப் போய்விடுவார்களோ என்றும் நினைக்கிறேன்.

வண்ணார்பேட்டை வழக்கறிஞர்

போனாலும் போகட்டும், தம்பி; படம் உங்களிடமே இருக்கும். பொதுவாக, சிவகாசியில் அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம் என்பதால், சித்திரை, வைகாசியில் அவர்களுக்கும் படம் அவசரமாகத்தான் தேவைப்படும். எத்தனை பிரதி அச்சிடப்போகிறார்கள் என்று முதலில் கேட்டு, அதற்கேற்பத் தொகையைச் சொல்லுங்கள். வனத்துறையின் பதில் வந்த பிறகு இப்படி எழுதி அனுப்பலாம்:

'இணைப்பில் கண்ட ஐந்து படங்களையும் தங்கள் அடுத்த ஆண்டு நாட்காட்டி ஒன்றில் மட்டும், குறிப்பிட்ட பிரதிகளுக்கு மிகாமல், இந்தியாவுக்குள் அச்சிட்டு விற்க அனுமதி அளிக்கிறேன். இவ்வனுமதி தங்களுக்கு மட்டுமே உரியதன்று. பிறருக்கு மாற்றித் தரத் தக்கதும் அன்று. ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் பெயர் அச்சிடப்பட வேண்டும். பதிப்புரிமை எடுத்தவரிடமே இருக்கும். தொகை கிடைத்த பின்னரே அச்சுக்கான கோப்புகள் அனுப்பப்படும்.'

கீழே அப்பா காப்பாளராகக் கையெழுத்திடட்டும். நிறுவனத்தின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள நகல் ஒன்று உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். விடுதிக்காரருக்கும் இதே கடிதத்தை, அறையில் மாட்டுவதற்கு மட்டும் என்றும், விளம்பரத்துக்கோ இணையப் பக்கத்துக்கோ பயன்படுத்தத் தனிக் கட்டணம் என்றும் மாற்றி எழுதிக் கொடுங்கள்.