நடுராத்திரியில் லோடு இறக்கும் லாரி: எந்த விதியைக் காட்டிப் புகார் செய்வது?

மூன்றாம்மாடி:
வணக்கம். எங்கள் குடியிருப்பின் பின்சுவரை ஒட்டி ஒரு பெரிய கடையின் சரக்கு இறக்கும் இடம் இருக்கிறது. நள்ளிரவுக்கு மேல்தான் லாரி வருகிறது. முதலில் ரிவர்ஸ் எடுக்கும்போது 'பீப் பீப்'. அப்புறம் ஷட்டர், பின்பக்க லிஃப்ட் தரையில் 'டங்' என்று இறங்குவது, இரும்பு டிராலி சிமென்ட் தரையில் கடகடவென உருள்வது. எல்லாம் முடியும்வரை இன்ஜினை அணைப்பதே கிடையாது. குளிர்பெட்டி வண்டி என்றால் அதன் மோட்டார் வேறு தனியாக உறுமும். கைக்குழந்தை திடுக்கிட்டு எழுந்துகொள்கிறது, மறுபடி தூங்க வைப்பதற்குள் விடிந்துவிடுகிறது.

கடை மேலாளரிடம் பேசினேன். "பகலில் பெரிய வண்டியை ஊருக்குள் விடமாட்டார்கள், நாங்கள் என்ன செய்வது?" என்கிறார். போனில் ஒரு ஆப் போட்டு அளந்தால் 70 டெசிபெலைத் தாண்டுகிறது. இதற்கு ஏதாவது விதி உண்டா? யாரிடம் போவது?

நகரத்திட்டம்:
எந்த ஊர் என்று சொல்லியிருந்தால் நேராகச் சொல்லிவிடலாம். பரவாயில்லை, எந்த ஊராக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ஊர் எதைக் கட்டுப்படுத்துகிறது என்பதை. சில இடங்களில் வண்டி ஓடுவதையே கட்டுப்படுத்துவார்கள். லண்டனில் 18 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு இரவிலும் வார இறுதியிலும் வழித்தடக் கட்டுப்பாடு 1985-இலிருந்து இருக்கிறது. மீறினால் ஓட்டுநருக்கும் அபராதம், நிறுவனத்துக்கும் அபராதம். நியூயார்க்கில் நின்றபடி இன்ஜினை ஓடவிட 3 நிமிடம்தான், பள்ளிக்கூடம் பக்கத்தில் என்றால் 1 நிமிடம்.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்தான் அடிப்படை. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்கு அந்த நேரத்தில் 45 டெசிபெல், வணிகப் பகுதிக்கு 55. அளவைவிட 10 டெசிபெலோ அதற்கு மேலோ கூடினால் புகார் கொடுக்கலாம். குடியிருப்புப் பகுதியில் இரவில் ஹாரன் அடிக்கவும் தடை, அவசரநிலை மட்டும் விலக்கு.

மூன்றாம்மாடி:
70 எங்கே, 45 எங்கே! அப்படியென்றால் நேராகப் புகார் எழுதிவிடலாமா?

ஒலிமானி:
கொஞ்சம் பொறுங்கள் அக்கா, இங்கேதான் நிறைய பேருடைய புகார் விழுந்துவிடுகிறது. அந்த 45 என்பது ஒரு நொடியின் அளவு இல்லை, நேரச் சராசரி. அமைதியான எட்டு மணி நேர இரவில் 75 டெசிபெலில் ஒரு பத்து நொடிச் சத்தம் வந்தது என்று வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கும் பரப்பிக் கணக்குப் போட்டால் அதன் பங்கு ஏறக்குறைய 40 டெசிபெல்தான். குழந்தை எழுந்துவிட்டது, காகிதத்தில் விதி மீறப்படவில்லை! தூக்கத்தைக் கெடுப்பது திடீர்ச் சத்தம், விதி அளப்பதோ சராசரியை. என் கண்ணில் இதுதான் பெரிய ஓட்டை.

நெதர்லாந்தில் இதைச் சரியாகப் பிடித்தார்கள். அங்கே 'பீக்' என்ற திட்டத்தில் லோடு ஏற்றி இறக்கும் சத்தத்துக்கே தனி உச்ச வரம்பு. 7.5 மீட்டர் தள்ளி அளந்தால் மாலை 7 முதல் 11 வரை 65 டெசிபெல், 11 முதல் காலை 7 வரை 60. அதற்காகவே சத்தம் குறைந்த லிஃப்ட், டிராலி, தரைவிரிப்பு எல்லாம் செய்து சான்றிதழோடு விற்கிறார்கள்.

ஆகவே ஆப் காட்டும் எண்ணை மட்டும் நம்பிப் போகாதீர்கள். போன் மைக் தரப்படுத்தின கருவி இல்லை, அதிகாரி அதை ஏற்கமாட்டார். தேதி, மணி, என்ன சத்தம், எவ்வளவு நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி, கூடவே நேரம் தெரிகிற மாதிரி வீடியோவும் எடுங்கள். முறையான அளவை அதிகாரிகள் எடுக்கட்டும்.

ராத்திரிவண்டி:
நான் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். எந்த மணிக்கு வருவது என்பது எங்கள் கையில் இல்லை. மேலாளர் சொன்ன பகல் தடை பல நகரங்களில் நிஜமாகவே உண்டு. இரவு லோடை மொத்தமாக நிறுத்தச் சொன்னால் அவர்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள், அதற்கு வழி இருக்கிறது.

டிராலிக்கு இரும்புச் சக்கரம் போட்டிருந்தால் ரப்பர் சக்கரமாக மாற்றலாம். லிஃப்ட் இறங்கும் இடத்தில் தடித்த ரப்பர் பாய் விரித்தாலே அந்த 'டங்' அடங்கிவிடும். குளிர்பெட்டி மோட்டார் டீசலில் ஓடுவதால்தான் அந்த உறுமல். நிறைய வண்டிகளில் கரண்டில் ஓட்டவும் வசதி உண்டு. கடைக்காரர் இறக்கும் இடத்தில் மூன்று ஃபேஸ் பிளக் ஒன்று வைத்துக் கொடுத்தால் போதும், நாங்கள் டீசலை அணைத்துவிடுவோம். எங்களுக்கும் அந்தச் சத்தத்தில் நிற்க ஆசையா என்ன?

மூன்றாம்மாடி:
அண்ணே, ரொம்ப நன்றி. அந்த 'பீப்' மட்டும் பாதுகாப்புக்கானது, கை வைக்க முடியாது என்றார் மேலாளர். உண்மையா?

ராத்திரிவண்டி:
கழற்றச் சொல்லக்கூடாதும்மா, பின்னால் நிற்கிற ஆள் உயிர் முக்கியம். ஆனால் 'ஷ்ஷ்' என்று வருகிற வகை இருக்கிறது. வண்டிக்குப் பின்னால் நிற்பவனுக்கு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நன்றாகத் தெரியும், தள்ளிப் போகப் போகச் சீக்கிரம் கரைந்துவிடும். இறக்கும் இடத்தில் திருப்ப வசதி இருந்தால் ரிவர்ஸே தேவைப்படாது, அதையும் கேட்டுப் பாருங்கள்.

நகரத்திட்டம்:
சரி, மனுவை இப்படி அமையுங்கள். முதலில் கடையின் கட்டிட அனுமதியையும் தொழில் உரிமத்தையும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். சரக்கு இறக்கும் நேரம் பற்றி நிபந்தனை ஏதாவது இருந்து அதை மீறினால், டெசிபெல் சண்டையே வேண்டாம், அந்த ஒரு வரி போதும். இல்லையென்றால் ஒலிமானி சொன்ன நாட்குறிப்போடு ஒலி மாசு விதியின் கீழ் புகார். அதற்கும் அசையவில்லை என்றால் பொதுத் தொல்லையை அகற்றக் கோரி நிர்வாக நடுவரிடம் போகலாம். முன்பு குற்ற நடைமுறைச் சட்டம் 133, இப்போது 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தின் 152-ஆம் பிரிவு.

தனியாகப் போடாமல் பின்பக்க வீட்டுக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு வீட்டின் புகாரை அண்டை வீட்டுத் தகராறு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

மூன்றாம்மாடி:
கீழ்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் பேசிவிட்டேன், கையெழுத்துக்குத் தயார். ரப்பர் பாய், சக்கரம், பிளக் மூன்றையும் முதலில் மேலாளருக்கு எழுத்திலேயே கொடுத்து நகல் வைத்துக்கொள்கிறேன். தகவல் உரிமை மனுவையும் அதோடு அனுப்பிவிடுகிறேன். அனுமதிக் காகிதம் கைக்கு வந்ததும் அதில் நேரம் பற்றி என்ன இருக்கிறது என்று இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.