பாதி விலைக்கு வாங்கிய பிசினஸ் லேப்டாப்: மூலையைப் பிடித்துத் தூக்கினால் டச்பேட் தானாக அழுந்துகிறது, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் அவசரம், திருப்பிக் கொடுக்க இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது.

ஐந்து வருடம் உழைத்த என் பழைய லேப்டாப்பின் ஹிஞ்ச் (மூடியை அடிப்பாகத்தோடு இணைக்கும் கீல்) போன மாதம் போய்விட்டது. மூடியைத் திறந்தால் அடிப்பாகமும் சேர்ந்து வாயைப் பிளக்கும். இனி வாங்கினால் அலுவலகங்களுக்கென்று செய்யும் பிசினஸ் மாடல்தான் என்று இருந்தேன். அந்த நேரம் பார்த்து, பட்டியல் விலையில் பாதிக்கும் குறைவாக ஒரு 14 அங்குல மாடல் கண்ணில் பட்டது. போன வருடத்து மாடல், பிரிக்காத பெட்டி என்றார்கள். 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. எம்ஐஎல்-எஸ்டிடி-810எச் என்ற உறுதிச் சோதனையில் தேறியது என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன்.

நான்கு நாளாகப் பயன்படுத்துகிறேன். வேகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இடது முன்மூலையைப் பிடித்து ஒரு கையால் தூக்கினால் டச்பேட் தானாக ‘டக்’ என்று அழுந்துகிறது. கர்சர் எங்கே நிற்கிறதோ அது திறந்துகொள்கிறது. வலது உள்ளங்கை படும் இடத்தை அழுத்தினால் கிரீச்சிடுகிறது. மூடியை ஒரு ஓரத்தில் பிடித்துத் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வளைகிறது.

அதே காசுக்கு, அதே நிறுவனத்தின் மேல்வரிசை மாடல் ஒன்று கிடைக்கிறது. இரண்டு தலைமுறை பழையது, ஏதோ அலுவலகத்தில் ஓடித் திரும்பி வந்தது, ஒரு வருட வாரண்டி. ராம் 8 ஜிபிதான்.

என் வேலை மொழிபெயர்ப்பு. நாள் முழுக்கத் தட்டச்சு. தினமும் பையில் போட்டுத் தூக்கிப் போவேன், பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடுவேன். எனக்கு வந்திருப்பது பழுதா, இல்லை இந்த விலைக்கு இதுதான் கட்டுமானமா?

பதில் (லேப்டாப் பழுதுபார்க்கும் தொழில்)

தம்பி, பழுது வேறு, கட்டுமானம் வேறு. முதலில் இரண்டையும் பிரித்துவிடுவோம், பிறகு முடிவு பண்ணலாம்.

அணைத்து, மூடி, கண்ணாடி மேசை மாதிரி நல்ல சமதளத்தில் வையுங்கள். நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஆடுகிறதா? திறந்து பார்த்தால் டச்பேட் சுற்றியுள்ள பரப்பை விட மேலே எழும்பி நிற்கிறதா? அப்படி என்றால் அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம். அந்தச் சந்தேகம் வந்த நிமிடமே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், மேலே எதையும் சோதிக்க வேண்டாம்.

அது இல்லை என்றால், மேல்பாகமும் அடிமூடியும் சேரும் இடுக்கில் நகத்தை வைத்துச் சுற்றிலும் ஓட்டுங்கள். எங்காவது நகம் தட்டினால் அங்கே கிளிப் உட்காரவில்லை. இன்னொன்று: அந்த 16 ஜிபி, நிறுவனத்திலிருந்தே வந்ததா, கடைக்காரர் போட்டதா? சீரியல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்தால் எந்த உறுப்புகளோடு வெளியே வந்தது என்று தெரிந்துவிடும். வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்பதையும் அங்கேயே பாருங்கள். நீங்கள் வாங்கிய தேதிக்கு முன்பே ஓட ஆரம்பித்திருக்கலாம்.

கேட்டவர்

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. ஆடவில்லை, டச்பேட் சமமாக இருக்கிறது. ஆனால் சீரியல் எண்ணைப் போட்டால் 8 ஜிபி என்று காட்டுகிறது. கடையில் பிரித்துத்தான் ராம் சேர்த்திருக்கிறார்கள். வலது முன்பக்க இடுக்கில் நான்கு விரல் அகலத்துக்கு நகம் தட்டியது. கட்டை விரல்களால் அமுக்கினேன், இரண்டு கிளிப் ‘டக் டக்’ என்று உட்கார்ந்தது. பக்கத்து ஸ்குரூவும் கால் சுற்று இறுகியது.

கிரீச் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது! டச்பேட் தானாக அழுந்துவதும் குறைந்திருக்கிறது, பத்துத் தடவை தூக்கினால் மூன்று தடவை. மூடி வளைவது மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

பதில் (அலுவலக ஐடி பிரிவு)

அந்தப் ‘பாதி விலை’யை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். பிசினஸ் லேப்டாப்பின் பட்டியல் விலையைக் கொடுத்து வாங்குபவர்கள் மிகக் குறைவு. மொத்தமாக வாங்கும் நிறுவனங்கள் பேரம் பேசித்தான் வாங்கும். நீங்கள் ஒப்பிட வேண்டியது அதே காசுக்குக் கிடைக்கும் அந்த இன்னொரு லேப்டாப்போடுதான்.

‘பிசினஸ்’ என்ற ஒரே பெயருக்குள் பல படிகள் உண்டு. லெனோவோ திங்க்பேடில் இ வரிசை கீழே, எல் நடுவே, டி அதற்கு மேலே. டெல் லாட்டிட்யூடில் பல வருடங்கள் 3000, 5000, 7000 என்று ஏறியது. எச்பியில் புரோபுக்குக்கு மேலே எலைட்புக். பிராசஸர், ராம், எஸ்எஸ்டி எல்லாம் கீழ்வரிசையிலும் மேல்வரிசையிலும் ஒன்றாகவே இருக்கலாம். விலை குறைவது உள்ளே இருக்கும் சட்டகத்தில், ஹிஞ்சில், கீபோர்டில், டிஸ்ப்ளேயில். விளம்பரத்தில் இவற்றுக்கு எண் கிடையாது, அதனால்தான் வாங்கும்போது கண்ணில் படுவதில்லை.

810எச் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2019-இல் வெளியிட்ட சோதனை முறைத் தொகுப்பு. அதில் எந்தெந்தச் சோதனையைச் செய்வது என்று லேப்டாப் நிறுவனமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்த முத்திரையை வைத்து உங்கள் ஹிஞ்ச் ஐந்து வருடம் தாங்குமா என்று சொல்ல முடியாது.

பழையதை எடுப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். பிராசஸர் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையதாக இருந்தால் தொடவே வேண்டாம், விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அடுத்தது, கடையில் வைத்தே விண்டோஸை ரீசெட் செய்து புதிதாகத் தொடங்கி, இணையத்தில் இணைத்துப் பாருங்கள். பழைய நிறுவனத்தின் பெயரோடு உள்நுழையச் சொன்னால் அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். எத்தனை தடவை அழித்து நிறுவினாலும் அது திரும்ப வரும். பயாஸுக்கு (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) பாஸ்வேர்டு கேட்டாலும் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பதில் (நான்கு வருடமாகக் கீழ்வரிசை மாடல் வைத்திருப்பவர்)

எல்லோரும் மேல்வரிசை என்கிறீர்கள், அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். என்னுடையது கீழ்வரிசைதான், நான்கு வருடமாக ஒரு செலவும் வைக்கவில்லை. ஆனால் அது மேசையை விட்டு நகராது. மானிட்டர், கீபோர்டு எல்லாம் வெளியே இணைத்திருக்கிறேன், மூடியைத் திறப்பது வாரத்துக்கு ஒரு தடவை. அந்த உபயோகத்துக்குப் புதிய பேட்டரியும் முழு வாரண்டியும்தான் பெரிது. அலுவலகத்தில் ஓடிய லேப்டாப் என்றால் பேட்டரி தேய்ந்திருக்கும். நிறையப் பேர் மொத்தமாக வாங்கும்போது இருப்பதிலேயே மலிவான டிஸ்ப்ளேயைப் போட்டு வாங்குவார்கள், அதையும் கவனியுங்கள்.

பதில் (லேப்டாப் பழுதுபார்க்கும் தொழில்)

மேலே நண்பர் சொன்னது நியாயம். மேசையில் இருப்பதென்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் தம்பி தினமும் பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடுகிறவர். அதனால் ஹிஞ்சைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

என் மேசைக்கு வரும் ஹிஞ்ச் கேஸ்களில் பெரும்பாலும் ஹிஞ்ச் உடைந்திருக்காது. அது இரும்பு. உடைவது அது பிடித்திருக்கும் இடம். பிளாஸ்டிக் பாடியில் சின்னச் சின்னக் குமிழ் மாதிரி தூண்கள் இருக்கும், அதற்குள் பித்தளை மரை ஒன்றைச் சூடாக்கி இறக்கியிருப்பார்கள். ஹிஞ்ச் ஸ்குரூ அந்த மரையில்தான் ஏறும். ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் ஹிஞ்சின் இறுக்கம் முழுவதும் அந்த மரையை மேல்நோக்கி இழுக்கும். பிளாஸ்டிக் களைத்து, ஒரு நாள் பித்தளையோடு பிய்ந்து வந்துவிடும். உங்கள் பழைய லேப்டாப் வாயைப் பிளந்தது இதனால்தான். மேல்வரிசை மாடல்கள் பலவற்றில் உள்ளே மெக்னீசியக் கலவைச் சட்டம் இருக்கும், ஹிஞ்ச் அதில் பிடித்திருக்கும். மூடி வளைவதை விட இதுதான் முக்கியம்.

உங்களுடையதைப் பிரிக்காமலே பார்க்கலாம். லேப்டாப்பை மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து, ஹிஞ்சுக்கு நேர் கீழே, மேல்பாகமும் அடிமூடியும் சேரும் பின்மூலை உங்கள் கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி வையுங்கள். மூடியை ஒரு ஓரத்தில் பிடித்து மெதுவாகத் திறங்கள். இடுக்கு அசையாமல் இருந்தால் நல்லது. திறக்கத் திறக்க அகன்றால் ஒரு தாள் துண்டை நுழைத்துப் பாருங்கள்.

கேட்டவர்

பார்த்தேன் அண்ணா. வலது பக்கம் அசைவில்லை. இடது பக்கம் மூடி பாதி திறந்ததும் இடுக்கு அகல்கிறது, இரண்டாக மடித்த தாள் உள்ளே போகிறது. முழுதும் திறந்ததும் மறுபடி இறுகி, தாளைக் கவ்விக்கொள்கிறது. இழுத்தால்தான் வருகிறது. பழைய லேப்டாப்பிலும் இதே இடது பக்கத்தில்தான் ஆரம்பித்தது. வாங்கி நான்காம் நாளே இப்படி என்று பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

பதில் (லேப்டாப் பழுதுபார்க்கும் தொழில்)

ஒன்று, ஹிஞ்ச் ஸ்குரூ இறுகாமல் வந்திருக்கிறது. இல்லை, பிளாஸ்டிக் இப்போதே இழுபடுகிறது. எது என்று பிரித்தால்தான் தெரியும். நீங்கள் பிரிக்க வேண்டாம், திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும். தாள் உள்ளே போவதை வீடியோ எடுத்து அனுப்பிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். கடையில் ஸ்குரூவை முறுக்கித் தருகிறோம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

8 ஜிபி ராமை நாளைக்கு ஏற்றலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம், பேட்டரியை மாற்றலாம். பாடியை மாற்றுவதென்றால் மதர்போர்டையே கழற்ற வேண்டும், கூலியோடு சேர்த்தால் கட்டுப்படியாகாது. பழையதை வாங்குவதற்கு முன் ராம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மெல்லிசாக வரும் மேல்வரிசை மாடல்கள் சிலவற்றில், எக்ஸ்1 கார்பன் மாதிரி, ராம் போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும். அதில் 8 ஜிபி என்றால் கடைசி வரை 8 ஜிபிதான்.

கேட்டவர் (பத்து நாள் கழித்து)

திருப்பிக் கொடுத்தேன். முதலில் முறுக்கித் தருகிறோம் என்றுதான் சொன்னார்கள். வீடியோவைக் காட்டியதும் பணம் வந்துவிட்டது. பழைய மேல்வரிசை மாடலை எடுத்துவிட்டேன். இன்டெல் 11-ஆம் தலைமுறை. கடையிலேயே இணையத்தில் இணைத்துப் பார்த்தேன், எந்த நிறுவனத்தின் பெயரும் வரவில்லை. விண்டோஸ் பேட்டரி அறிக்கையில் புதிதில் 51 வாட்-மணி, இப்போது 44. வீட்டுக்கு வந்து அதே தாளை எடுத்தேன், இரண்டு பக்கமும் நுனிகூட நுழையவில்லை. மூலையைப் பிடித்து இருபது தடவை தூக்கியும் டச்பேட் ஒரு தடவைகூட அழுந்தவில்லை. கீபோர்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! ஒரு நாளைக்கு ஐயாயிரம் சொல் அடித்த பிறகும் விரல் வலிக்கவில்லை.

காலி ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி போட்டதும் கிராபிக்ஸ் பெயர் யுஎச்டி என்பதிலிருந்து ஐரிஸ் எக்ஸ்இ என்று மாறிவிட்டது. அது ஏன்?

ஒரே குறை, டிஸ்ப்ளே மங்கல். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் எழுத்து தெரிய மாட்டேன் என்கிறது. பேனலை மாற்ற முடியுமா?

பதில் (அலுவலக ஐடி பிரிவு)

11-ஆம் தலைமுறையில் ராம் இரண்டு சேனலில், அதாவது இரண்டு பாதையில், ஓடினால்தான் ஐரிஸ் எக்ஸ்இ என்று காட்டும், ஒரே குச்சியில் யுஎச்டிதான். பயப்பட ஒன்றுமில்லை, ஓட்டம் கொஞ்சம் கூடியிருக்கும்.

டிஸ்ப்ளே அநேகமாக 250 நிட்ஸ் பேனல் (நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு). அதே மாடலுக்கு 400 நிட்ஸ் பேனலும் விற்றிருக்கிறார்களா என்று நிறுவனத்தின் உதிரிபாகப் பட்டியலில் பாருங்கள். இருந்தால் மாற்றலாம். தற்போதைய பேனலின் பின்பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, கனெக்டர் 30 பின்னா 40 பின்னா என்று உறுதி செய்த பிறகு ஆர்டர் போடுங்கள். டச் இல்லாத சாதாரண முழு எச்டி பேனல் பெரும்பாலும் 30 பின், டச் உள்ளது பெரும்பாலும் 40 பின். பின் மாறினால் கேபிளையும் மாற்ற வேண்டி வரும். கழற்றுவதற்கு முன் பயாஸில் போய் உள் பேட்டரியை முடக்கிவிடுங்கள். மின்சாரம் ஓடும்போது டிஸ்ப்ளே கேபிளைப் பிடுங்கினால் போர்டில் உள்ள ஃபியூஸ் போய்விடலாம்.