போர்ன்வில்: அது யாருக்காகக் கட்டிய ஊர்?

பர்மிங்காம்வாசி: நேற்று இங்கே ஒருவர், "இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் உள்ள போர்ன்வில் என்பது சாக்லேட் நிறுவனமான கேட்பரி தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு" என்று எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருடம் அந்த ஊரில் குடியிருந்தவன் சொல்கிறேன், தவறு. ஆலை முதலாளி ஜார்ஜ் கேட்பரி 1893-ல் 120 ஏக்கர் வாங்கி 1895-ல் வீடு கட்ட ஆரம்பித்தது, பர்மிங்காம் சந்துகளில் நெருக்கியடித்துக் கிடந்தவர்கள் யாராக இருந்தாலும் வரட்டும் என்றுதான். 1901-ல் அங்கிருந்த குடும்பத் தலைவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே கேட்பரி ஆலைக்காரர்கள்.

லைன்வீட்டுப்பிள்ளை: எழுதியது நான்தான். ஆலை 1879-ல் வந்தது. ஊர் அதற்குப் பிறகு, அதன் பக்கத்திலேயே வந்தது. பத்தில் நாலு பேர் ஒரே முதலாளியிடம் வேலை பார்த்த ஊரை வேறு என்னவென்று சொல்வது?

செல்வி: தொழிலாளர் குடியிருப்பு என்றால் வீடு முதலாளிக்குச் சொந்தமாக இருக்க வேண்டுமா, தொழிலாளர் அதிகம் இருந்தால் போதுமா? முதலில் அதை முடிவு செய்துகொண்டு பேசலாமே.

பர்மிங்காம்வாசி: அது கிடக்கட்டும். பாதிக்கும் குறைவு, அதற்குப் பதில் சொல்லுங்கள். 1900-ல் ஜார்ஜ் கேட்பரி 330 ஏக்கரையும் 313 வீடுகளையும் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தார். வருமானம் ஊருக்கே செலவாக வேண்டும், குடும்பத்துக்கு லாபம் போகக்கூடாது என்று ஏற்பாடு. ஹார்வி என்ற இளம் கட்டடக் கலைஞர் வரைந்த வீடுகள். மனையில் கால் பங்குக்கு மேல் கட்டடம் கூடாது. மீதி தோட்டம், பின்னால் பழமரங்கள். ஆலைக்கூலிக்கு அடைக்கலம் கொடுக்க மட்டும் இப்படி யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

லைன்வீட்டுப்பிள்ளை: என் அப்பா ஒரு பஞ்சாலை லைன் வீட்டில் இருந்தவர். வேலை போன மாதமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். முதலாளி கட்டிய ஊர் என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். பழமரக் கதை எனக்கு வேண்டாம்.

பர்மிங்காம்வாசி: அண்ணே, அப்பாவுக்கு நடந்தது கொடுமை. அதனால்தான் சொல்கிறேன், அறக்கட்டளை வீடு ஆலை முதலாளியின் வீடு இல்லை. பாதிக்கும் குறைவு.

குமரன்: சண்டை இருக்கட்டும். கேட்பரி குடும்பத்தார் மதுவை விலக்கிய குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் என்பதால் சொட்டு மதுகூட இல்லாத ஊர் அது. அதைப் பாராட்டுங்கள்.

தேம்ஸ்கரை: சொட்டுகூட இல்லையா? மதுக்கடை கட்டவில்லை, சரி. அந்த ஊரின் ரோஹீத் பெவிலியன் என்ற விளையாட்டு மன்றக் கட்டடத்தில் 1940-களின் கடைசியிலிருந்தே உறுப்பினர்களுக்கு மதுவறை இருக்கிறது. எதையும் பாதி படித்துவிட்டு வந்துவிடுகிறீர்கள். 1888-ல் சோப்பு முதலாளி லீவர் தன் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய போர்ட் சன்லைட் ஊரில் 1900-ல் திறந்த விடுதியிலும் முதலில் மது கிடையாது. அப்புறம் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

குமரன்: போன மாதம் சால்டேர் என்ற இன்னொரு ஆலை ஊர் பற்றிய விவாதத்திலும் இதே மாதிரிதான் என் மேல் பாய்ந்தீர்கள். மறக்கவில்லை.

லைன்வீட்டுப்பிள்ளை: மதுவை விடுங்கள். கொக்கோ எங்கிருந்து வந்தது? சாவோ தோமே தீவில் அடிமைகள் போல நடத்தப்பட்டவர்கள் பறித்தது. 1909-ல்தான் அங்கே வாங்குவதை நிறுத்தினார்கள். அந்த விஷயத்தில் ஒரு பத்திரிகை மேல் கேட்பரி மானநஷ்ட வழக்குப் போட்டு ஜெயித்தும், கிடைத்த இழப்பீடு ஒரு ஃபார்த்திங், காலே கால் பென்னி.

பர்மிங்காம்வாசி: உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி ஊர் யாருக்காக என்பது. கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை பசும்புல் திடலில் போய் நின்று பாருங்கள். 48 மணிகள் ஒலிக்க ஊரே சேர்ந்து பாடும். என் மகள் ஊர் விழாவில் கம்பத்தைச் சுற்றி ரிப்பன் பின்னி ஆடினாள். எங்கள் வீட்டில் யாரும் கேட்பரியில் வேலை பார்த்ததில்லை.

லைன்வீட்டுப்பிள்ளை: நீங்கள் போனது நூறு வருடம் கழித்து. நான் கேட்பது 1895.

பர்மிங்காம்வாசி: 1901 கணக்கைத்தான் முதல் பதிவிலேயே கொடுத்துவிட்டேன். பாதிக்கும் குறைவு.

லைன்வீட்டுப்பிள்ளை: பத்தில் நாலு பேர்.

செல்வி: என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.