மச்சானின் .45 பிஸ்டல், குழல் நுனியில் புரி: விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

லிந்துலைத் தம்பி:

அக்காவும் மச்சானும் டெக்சாஸில் இருக்கிறார்கள். மச்சான் போன கிழமை ஒரு பெரிய பிஸ்டல் வாங்கி வீடியோ கோலில் காட்டினார். எஃப்என்எக்ஸ்-45 டாக்டிக்கல் என்று பெயர், மண் நிறம், அவர் கையே அதில் சின்னதாகத் தெரிகிறது. குழல் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, நுனியில் ஒரு குட்டி மூடி, அதைக் கழற்றினால் போத்தல் வாய் மாதிரிப் புரி. சைலன்சர் மாட்டத்தான் என்கிறார். அங்கே இதெல்லாம் சட்டப்படி சரியா? சத்தமே வராதா? சித்திரை வருஷம் முடிந்து நான் விசிட் விசாவில் போகிறேன், ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்ச் சுட வைக்கிறேன் என்கிறார். அப்புறம் நம் வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தியைப் பன்றி கிளறிக்கொண்டே இருக்கிறது, இப்படி ஒன்று இங்கே லைசன் எடுத்து வைக்க முடியுமா என்றும் யோசித்தேன். அம்மாவுக்குத் துவக்கு என்றாலே பயம். அக்காவுக்கு ஆறு வயதில் பிள்ளையும் இருக்கிறது, நான் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹூஸ்டன் ஹட்டன்காரன்:

தம்பி, அது நல்ல சாமான். 2000களின் நடுவில் அமெரிக்க இராணுவம் புதிதாக ஒரு .45 பிஸ்டல் (குண்டின் விட்டம் அங்குலத்தில் .45) தேட ஆரம்பித்துப் பிறகு கைவிட்டது, அந்தத் தேடலுக்காகப் பெல்ஜியத்து எஃப்என் கம்பனி செய்த பிஸ்டலின் வழியில் வந்ததுதான் இது. மெகசினில், அதாவது தோட்டாப் பெட்டியில், 15 ரவை. வெறுமனே 950 கிராம், நிரப்பினால் ஒன்றேகால் கிலோவைத் தாண்டும். இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற சாமான் இல்லை, ரேஞ்சுக்கும் வீட்டுக்கும்தான்.

புரி ஏன் .45இல் விசேஷம் என்றால், வழக்கமான .45 குண்டு ஏறக்குறைய 15 கிராம் எடை, வினாடிக்கு 255 மீட்டர் வேகத்தில்தான் போகும். சத்தம் காற்றில் 340 மீட்டர் போகிறது. ஒலியைத் தாண்டாத குண்டு என்பதால் பறக்கும்போது வெடிக்கிற அந்தச் 'சடார்' இல்லை, குழல் வாயில் வருகிற வாயுவை மட்டும் சைலன்சர் அடக்கினால் போதும். ஆனால் சத்தமே வராது என்பது சினிமா. சும்மா சுட்டால் 160 டெசிபலுக்குக் கிட்ட, மாட்டிச் சுட்டாலும் 130ஐத் தாண்டித்தான் வரும். காதுக்கு அது பெரிய உதவிதான், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் போகாது.

மச்சானிடம் ஒன்று கேளுங்கள், வாங்கப்போகிற சைலன்சரில் பூஸ்டர் இருக்கிறதா என்று. இந்தப் பிஸ்டலில் ஒவ்வொரு வெடிக்கும் குழலின் பின்பக்கம் கீழே சாய்ந்து பூட்டு விடுபட்டால்தான் ஸ்லைடு, அதாவது மேலே நகர்கிற பாகம், பின்னால் போய் அடுத்த ரவையை எடுக்கும். நுனியில் கனமாக ஒன்று தொங்கினால் குழல் சாய மறுக்கும், ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுக்க வேண்டி வரும். பூஸ்டருக்குள் இருக்கிற ஸ்பிரிங்கும் பிஸ்டனும் அந்தக் கனத்தை ஒரு கணம் குழலிலிருந்து பிரித்து வைக்கும். பிஸ்டனின் புரியும் பிஸ்டலோடு ஒத்துப்போக வேண்டும். எஃப்என்னுக்கு .578x28, அதாவது .578 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 புரி. ஜெர்மன் எச்கே கம்பனியின் மார்க் 23 பிஸ்டலுக்கு 16 மில்லிமீட்டர் புரி. எல்லா .45க்கும் ஒன்றேதான் என்று நினைத்து வாங்கினால் காசு போச்சு.

சைலன்சர் மாட்டாத நாட்களில் அந்தக் குட்டி மூடியைக் கட்டாயம் போட்டே வைக்கச் சொல்லுங்கள், புரி அடிபட்டுவிட்டால் சைலன்சர் கோணலாக உட்காரும், குண்டு உள்ளே உரசும். சுட்டுக்கொண்டே போனால் மூடி தானாகக் கழன்று வரும், அடிக்கடி பார்த்து இறுக்க வேண்டும், வெறும் விரலால் வேண்டாம், சூடாக இருக்கும்.

சட்டம்: டெக்சாஸில் புரிக்குழல் வைத்திருப்பதில் ஒன்றுமில்லை. கலிபோர்னியாவுக்கு வீடு மாறினால் கதை வேறு, கழற்றி மாட்டும் மெகசினோடு புரிக்குழல் இருந்தாலே அங்கே தடைசெய்த ஆயுதக் கணக்கில் சேரும். சைலன்சரை 1934 சட்டப்படி மத்திய அரசிடம் பதிய வேண்டும். முன்பு 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் அது பூச்சியம். வரிதான் போனது, கைரேகை, படிவம், அனுமதி வரும்வரை காத்திருப்பது எல்லாம் அப்படியே இருக்கிறது.

பிள்ளை விஷயம்தான் முக்கியம். டெக்சாஸில் கவனக்குறைவாக வைத்த நிரப்பிய துவக்கு 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்குக் கிடைத்தால் வைத்தவர்மேல் குற்றம். முதல் வெடிக்கு விசை நீளமாக, கனமாக இழுக்கும், பிள்ளையால் முடியாது என்று நிறையப் பேர் சமாதானம் சொல்வார்கள், அதை நம்பவே வேண்டாம். பூட்டுப் பெட்டி வாங்கும்வரை அந்தப் பிஸ்டல் வீட்டுக்குள் வந்திருக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம்.

பண்டாரவளை அக்கா:

ஹட்டன்காரன் அண்ணா எல்லாம் சொன்னார், தம்பி சுடலாமா என்பதை விட்டுவிட்டார். நான் அங்கே படிக்கப் போனபோது விசாரித்தது. விசிட் விசா, மாணவர் விசா என்று தற்காலிக விசாவில் உள்ளே போனவர்கள் துவக்கையோ ரவையையோ கையில் வைத்திருக்கவே அமெரிக்க மத்திய சட்டம் தடை போடுகிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்தாலும், மச்சான் பக்கத்தில் நின்று கொடுத்தாலும் அதே சட்டம்தான். விலக்குகள் கொஞ்சம் உண்டு, சாதாரண ஆட்கள் பிடிப்பது வேட்டை அனுமதிப்பத்திரம். அங்கே ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத பத்திரம் இருந்தால் தடை இல்லை. விசா இல்லாமல் போகக்கூடிய நாட்டுக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் வராது, நமக்கு வரும். மச்சான் கிரீன் கார்ட்காரராக இருந்தால் இது அவருக்குத் தெரியாமலே இருக்கும், அவரைக் குறை சொல்ல முடியாது. போவதற்கு முன்பே ரேஞ்சுக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

ஊவாப் பெரியவர்:

தம்பி, இங்கே அந்த யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். நமக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. பயிர்க்காவலுக்கென்றால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், விண்ணப்பித்து சொட்கன் எடுக்கலாம், விசாரணை எல்லாம் நடக்கும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பிஸ்டல் பாதுகாப்பு அமைச்சுக்குப் போகிற விஷயம். 2024 கடைசியில் தற்பாதுகாப்புக்குக் கொடுத்த துவக்குகளையே வெலிசறையில் ஒப்படைக்கச் சொல்லித் திரும்ப வாங்கினார்கள். லீக்ஸ் பாத்தியைக் காட்டி .45 கேட்டால் யார் கொடுப்பார்? பன்றிக்கு இருட்டில் பிஸ்டலால் சுடுவதும் ஆபத்து. காயம்பட்ட பன்றி நேராக ஆள்மேல் வரும், தவறிய ரவை கீழே இருக்கிற லயத்து வீடுகளுக்குப் போகும்.

அதற்காகக் கம்பிக்கண்ணியும் வைத்துவிடாதீர்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அந்தக் கருஞ்சிறுத்தை கண்ணியில் மாட்டித்தான் செத்தது, நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. தகரம் அடித்து வேலி போடுங்கள், தகரத்தின் அடி மண்ணுக்குள் நன்றாக இறங்கட்டும், பன்றி மூக்கால்தான் கிளப்பும்.

அம்மாவின் பயத்தையும் சும்மா நினைக்காதீர்கள். நம் பக்கம் துவக்கு துரை பங்களாவிலும் பொலிஸ் கையிலும் இருந்த சாமான். 1940இல் முல்லோயாவில் கோவிந்தன், 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன், இரண்டு பேரும் பொலிஸ் சூட்டில் போன தோட்டத் தொழிலாளிகள். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது.

இன்னொன்று, ஞாபகத்துக்கென்று வெற்று ரவைக்கோது கூடப் பையில் போட்டுக்கொண்டு கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்காதீர்கள்.

லிந்துலைத் தம்பி:

எல்லாருக்கும் பெரிய நன்றி. விசா விஷயம் மச்சானுக்கு உண்மையிலேயே தெரியவில்லை, ரேஞ்சுக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பூட்டுப் பெட்டியை அக்காவே ஓர்டர் போட்டுவிட்டார். வேலிக்குத் தகரம் விலை பார்க்கிறேன். நான் சுடாமல் பக்கத்தில் நின்று பார்த்தாலும் காதுக்கு ஏதாவது போட வேண்டுமா?

ஹூஸ்டன் ஹட்டன்காரன்:

கட்டாயம். காதுக்குள் செருகுகிற நுரை அடைப்பானும் மேலே காதை மூடுகிற மஃபும் இரண்டும் சேர்த்துப் போடுங்கள், கூரை போட்ட ரேஞ்ச் என்றால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பவும் வரும். கண்ணாடியும் போடுங்கள். இந்தப் பிஸ்டல் வெற்றுக்கோதை வலது பக்கம்தான் தள்ளும், அதனால் மச்சானுக்கு இடது பக்கம் கொஞ்சம் பின்னால் தள்ளி நில்லுங்கள்.