'க' வராத பிள்ளை: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நிலாமுற்றம்:
பையனுக்கு நாலரை வயசு. 'க' எல்லாம் 'த'தான். கதவு 'ததவு', காக்கா 'தாத்தா'. மழலைதானேன்னு விட்டுட்டோம். போன வாரம் ஜன்னல்ல காக்கா வந்து உட்கார்ந்துச்சு. "தாத்தா, தாத்தா!"ன்னு குதிச்சான். நானும் கொஞ்சலா "ஆமா, தாத்தா வந்திருக்கு"ன்னேன். முகம் சுண்டிப் போச்சு. "தாத்தா இல்லம்மா, தாத்தா!"ன்னு ஜன்னலைக் காட்டிக் காலை உதைச்சு அழுதான். அவன் காதுக்கு ரெண்டும் வேற வேறன்னு அப்பத்தான் உறைச்சுது. நான் கேலி பண்றேன்னு நினைச்சிருப்பானோ?

சொல்லேர்:
பேச்சுப் பயிற்சி தர்றவ நான். காக்கா படம், தாத்தா படம் ரெண்டையும் வச்சு, வாயில என்ன வருதோ அந்தப் படத்தையே எடுத்துக் கொடுப்போம். ஒரு பொண்ணு காக்கா கேட்டா, வந்தது 'தாத்தா'. தாத்தா படத்தைக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, திருப்பி வச்சா. எச்சில் முழுங்கிட்டு, தொண்டையிலிருந்து "க்... காத்தா". பாதிதான். ஆனா அதுதான் அவளோட முதல் 'க'. நிலாமுற்றம், முதல்ல கேட்புச் சோதனை பண்ணிடுங்க. காதுக்குள்ள நீர் கோத்திருந்தா கேட்கிறது ஏறி இறங்கும், வீட்ல பிடிபடாது.

தூறல்:
எங்க பொண்ணுக்கு நாக்கு ஒட்டியிருக்குன்னு யாரோ சொல்ல, அடியில இருக்கிற சவ்வை வெட்டினோம். வீட்டுக்கு வந்ததும் "ததவைத் தொற"ன்னா. அப்படியே உட்கார்ந்துட்டேன். 'க' பிறக்கிறது நாக்கோட பின்பக்கம் மேல எழும்பி. நுனிக்கு அதுல வேலையே இல்லைன்னு பிறகுதான் தெரிஞ்சுது. இனி யாராவது வெட்டச் சொன்னா, எந்த ஒலிக்காகன்னு கேளுங்க. பலூன் ஊது, நாக்கை ஆட்டுன்னும் சொல்வாங்க. ஊதிப் பழகினா ஊதத்தான் வரும், பேச்சு பேசித்தான் வரணும். வந்தவங்க முன்னாடி "எங்கே, ஒழுங்கா சொல்லு"ன்னு நிறுத்தவே நிறுத்தாதீங்க. அவன் சொன்னதையே நீங்க சரியா ஒரு தரம் சொல்லிட்டு, பேச்சைத் தொடருங்க.

கடைசிபெஞ்ச்:
சொல்லேர், படம் மாத்திக் கொடுக்கிறது எல்லாருக்கும் ஒத்துவராது. என் மகன் ஒரே வார்த்தையை மூணு தரம் சொன்னா மூணு விதமா வரும், உயிரெழுத்துகூட மாறும். அந்தப் படங்களைத் தட்டிவிட்டுட்டு ஓடிட்டான்.

சொல்லேர்:
உண்மைதான். அப்படி மாறி மாறி வந்தா வாய் அசைவைத் திட்டமிடுறதுலயே சிக்கல் இருக்கலாம். அதுக்கு வழி வேற. அதனாலதான் மதிப்பீட்டுல ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

நிலாமுற்றம்:
கேட்புச் சோதனைக்கு நாள் வாங்கியாச்சு. இன்னைக்குக் காலையில திரும்ப "தாத்தா!"ன்னான். "ஆமா, காக்கா"ன்னேன். தலையை ஆட்டிட்டு என் மடியில வந்து உட்கார்ந்தான்.