மலை நகரில் சாப்பாட்டுச் சுற்று: முதல் நாளே வயிறு உப்புசம்

வார இறுதியில் மலை நகரத்துக்குப் போய் உணவகம் உணவகமாக ஏறி இறங்குவது எனக்கும் மனைவிக்கும் உயிர். ஆனால் சனிக்கிழமை இரண்டாவது உணவகத்திலேயே அவளுக்கு வயிறு கல் மாதிரி உப்பிவிடுகிறது. தலைவலி வேறு. ஸ்பூனைப் பிடித்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள், பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

உயரம் சுமார் 2,400 மீட்டர். சமவெளியிலிருந்து காரில் ஒரே மூச்சில் ஏறுகிறோம். ஞாயிறு இறங்கியதும் சரியாகிவிடுகிறது. மேலே காற்றழுத்தம் குறைவதால் வயிற்று வாயு விரியும் என்பது தெரியும்.

ஒரே தட்டைப் பகிர்ந்தோம், சோடாவையும் மதுவையும் விட்டோம், நிறையத் தண்ணீர் குடித்தோம். தலைவலி குறைந்தது, உப்புசம் அப்படியேதான். டாக்டர் கோளாறு எதுவும் இல்லை என்கிறார்.

வெள்ளி இரவே போய்த் தங்கி, சனி மாலை முதல் உணவகம் என்று வைத்தால் இது குறையுமா?