சீலா ஒரு துண்டு 280 ரூபாய்: கடலோரத்தில் இருந்துகொண்டு மீன் சாப்பிட ஓட்டலுக்குப் போகலாமா?

உப்புக்காற்று:
போன ஞாயிறு மதியம் குடும்பத்தோடு ராமநாதபுரத்தில் ஓர் ஓட்டலுக்குப் போனோம். பெயர் வேண்டாம். நான்கு மீன் சாப்பாடு, சீலா வறுவல் இரண்டு, கணவாய் ரோஸ்ட் ஒன்று, தண்ணீர் பாட்டில் மூன்று. மொத்தம் 1,560 ரூபாய். அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 78. ஆக 1,638.

பணம் போகட்டும். "இன்றைக்கு என்ன மீன் தம்பி" என்று கேட்டால், "வஞ்சிரம் இருக்கு சார்" என்கிறார். நம் ஊரிலேயே சீலாவுக்கு வஞ்சிரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள், சரி. இது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. இந்தச் சீலா எந்தக் கடலில் பிடித்தது, எத்தனை நாள் ஐஸில் கிடந்தது?

குழம்பு அப்படியே குங்குமச் சிவப்பு. முண்டு மிளகாய் அரைத்த குழம்புக்கு அந்த நிறம் வரவே வராது. 2023-இல் நம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் வாட்ஸாப்பில் பெருமைப்பட்டோம். முதுகுளத்தூரிலும் கமுதியிலும் காய்கிற மிளகாய் இவர்கள் அடுப்படிக்கு மட்டும் வந்து சேரவில்லை போல. பக்கத்து மேஜையில் முட்டைக்கும் இதே குழம்பைத்தான் ஊற்றினார்கள்.

300 ரூபாய்க்கு நாட்டுப்படகு மீன் ஒரு கூறு வாங்கி, மண்சட்டியில் குழம்பு வைத்தால் நான்கு பேர் இரண்டு வேளை சாப்பிடலாம். மறுநாள் இட்லிக்கும் மிஞ்சும். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

மண்டபத்துக்காரி:
வந்துவிட்டேன் அண்ணே. "குழம்பு வைத்தால்" என்று எழுதியிருக்கிறீர்கள். வைப்பது யார்?

நான் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு ஒருநாள்தான் எனக்கு. அன்றைக்குக் காலை ஏழரை மணிக்கு அவர் மார்க்கெட்டில் இருந்து ஒரு பை நிறையக் காரல் கொண்டுவந்து தொட்டியில் கொட்டிவிட்டு, "நல்ல மீன், விட மனசு வரல" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். காரல் ஆய்ந்திருக்கிறீர்களா? உள்ளங்கை அகலம்கூட இருக்காது, மேலெல்லாம் வழவழப்பு, கையில் நிற்காது. துடுப்பு முள் நகக்கண்ணில் ஏறினால் இரண்டு நாள் கடுக்கும். ஒவ்வொன்றாகச் செவுளை எடுத்து, வயிற்றைக் கீறி, கல்லுப்புப் போட்டு உரசி, நாலு தண்ணீர் கழுவி முடிக்கும்போது மணி ஒன்பதரை. இனிமேல்தான் புளி கரைக்க வேண்டும், மசாலா அரைக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு சட்டி, அரிவாள்மனை, தொட்டி எல்லாவற்றிலும் வீச்சம் போகத் தேய்க்க வேண்டும்.

உங்கள் 300 ரூபாய்க் கணக்கில் இதற்கு எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?

உப்புக்காற்று:
தங்கச்சி, மார்க்கெட்டிலேயே வெட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறார்களே.

மண்டபத்துக்காரி:
சீலாவை, பாறையை வெட்டுவார்கள். காரலைக் கொண்டுபோனால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். போய்க் கேட்டுப் பாருங்கள்.

சட்டியும் கரண்டியும்:
பன்னிரண்டு வருஷமாக ஆறு மேஜை போட்டு மெஸ் நடத்துகிறேன். என் கடையைச் சொல்லவில்லை என்று தெரியும் (நான் சீலாவைச் சீலா என்றுதான் சொல்வேன்). ஆனாலும் பதில் சொல்லாமல் போக முடியவில்லை.

மே மாதம் சீலா எங்கிருந்து வருகிறது? இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. மேற்குக் கடற்கரைக்குத் தடை ஜூன் 1-இல்தான் தொடங்கும், ஜூலை 31 வரை. அதனால் மே கடைசி வரை அந்தப் பக்கத்து மீன் ஐஸ் பெட்டியில் இங்கே வரும். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு கரையும் கட்டு. அப்போது என் கடையில் பெரிய மீன் கிடையாது. நாட்டுப்படகில் கிடைத்தது, இல்லாவிட்டால் கருவாட்டுக் குழம்பு. கேட்கிறவர்களிடம் சொல்லியே போடுகிறேன்.

ஐஸ் என்றாலே ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? படகில் போகும்போதே ஐஸ் ஏற்றித்தான் போவார்கள். வலையில் இருந்து எடுத்த கையோடு ஐஸில் போட்டு மூன்று நாள் இருந்த மீனையும், மே மாத வெயிலில் அலுமினியச் சட்டியில் தெருத்தெருவாக மூன்று மணி நேரம் சுற்றிய மீனையும் பக்கத்தில் வைத்து மோந்து பாருங்கள்.

கலர்ப்பொடி போட்டிருந்தால் அது தப்புதான், அந்தக் கடைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

விலைக்கு வருவோம். உங்கள் வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, எனக்கு வருவது 19 கிலோ. கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால் உங்களைவிட நான்தான் கூடக் கொடுக்கிறேன். கடை வாடகை, ஆறு பேர் சம்பளம், குடிதண்ணீர் லாரி. கூட்டம் இல்லாத நாளில் சாயங்காலம் மிஞ்சின குழம்பைக் கீழே கொட்ட வேண்டும். உங்கள் வீட்டில் அது மறுநாள் இட்லிக்கு ஆகிறது. எனக்கு அது நஷ்டக் கணக்கு.

உப்புக்காற்று:
எண்ணெய் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லையே அண்ணாச்சி.

சட்டியும் கரண்டியும்:
சொல்கிறேன். கொதித்த எண்ணெயில் சேர்கிற போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்கு வைத்திருக்கக் கூடாது. 2018 ஜூலையிலிருந்து விதி. அதிகாரிகள் கருவியோடு வந்து சட்டிக்குள் விட்டுப் பார்ப்பார்கள். எல்லாக் கடையும் ஒழுங்கு என்று சொல்லவில்லை. மீன் வறுத்த எண்ணெய் சீக்கிரம் கறுக்கும், நுரைக்கும். நுரைத்தால் நான் மாற்றிவிடுவேன். உங்கள் வீட்டில் அப்பளம் பொரித்த எண்ணெயைக் கிண்ணத்தில் மூடி வைத்து மறுநாள் தாளிக்கிறீர்களே, அதை யார் வந்து பார்க்கிறார்கள்?

மண்டபத்துக்காரி:
இதைப் படித்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தேன். அண்ணாச்சி சொல்வது என் வீட்டைத்தான்.

அடுத்த ரயில்:
சென்னையில் ஆறு வருஷம். தினமும் ஓட்டல் அல்லது ஆப். வெளியில் சாப்பிடுவதில் எனக்கு எந்த மயக்கமும் இல்லை. ரயில் மண்டபத்தோடு நின்ற காலத்தில்கூட, அங்கே இறங்கி பஸ் பிடித்துப் பாம்பன் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போனதும் முதலில் கேட்பது பழைய சோறும் நெத்திலிக் கருவாடும்தான். அதனால் உப்புக்காற்று அண்ணன் கட்சி என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எழுதும்போது போன தீபாவளி ஞாபகம் வந்தது. "இன்றைக்கு உன்னைச் சமைக்க விடமாட்டேன், என்ன வேண்டும் சொல்" என்று அம்மாவை அழைத்துப் போனேன். நான் மெனுவில் மீன் பக்கத்தைத் தேடினேன். அம்மா மெனுவைத் தொடவே இல்லை. "டிவியில காட்டுவானே, அந்த நாணும் பன்னீர் பட்டர் மசாலாவும்" என்றாள். வந்ததும் அவள் சாப்பிட்டதைவிட, தட்டு வைத்தவனையும் தண்ணீர் ஊற்றியவனையும் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிகம். கை கழுவப் போனவள் போகும் வழியில் தட்டை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தாள். சர்வர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்.

நல்லா இருந்ததா என்று கேட்டேன். "இனிப்பா இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். ஆனால் பொங்கலுக்குப் போனபோது, "எப்ப கூட்டிட்டுப் போவ?" என்று அவளே கேட்டாள்.

இப்போது நான் எந்தக் கட்சி என்று எனக்கே தெரியவில்லை.

நாட்டுப்படகு:
முன்பு ராமேஸ்வரம் விசைப்படகில் போனேன். திங்கள், புதன், சனி போய் மறுநாள் காலை கரைக்கு வருவோம். இப்போது வத்தை என்கிற சின்னப் படகில், கரையை ஒட்டித் தொழில்.

வீட்டு மீன் ஓட்டல் மீன் என்று பேசுகிறீர்கள். கரைக்கு வந்ததும் இறால், நண்டு, கணவாய் எல்லாம் கம்பெனிக்குப் போய்விடும். சீலா விழுந்தால் வியாபாரிக்கு. அவனிடம் முன்பணம் வாங்கியிருப்போம், கொடுத்துத்தான் ஆக வேண்டும். மிஞ்சுகிற காரல், சூடை, நகரையில் ஒரு கை அள்ளி "கறிக்கு" என்று வீட்டுக்குக் கொண்டுபோவோம். நீங்கள் ருசி என்று கொண்டாடுகிற வீட்டுக் குழம்பு, விலை போகாத மீனில் வைத்தது. ருசி இல்லை என்று சொல்ல மாட்டேன், சீலாவைவிடக் காரல்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் என் பிள்ளைகள் சீலா வறுவல் தின்றது கல்யாண வீட்டில்தான். அதற்காக ஒருநாள் ஓட்டலில் கேட்டால் நான் வேண்டாம் என்று சொல்வதா?

என் மச்சினன் இன்னும் விசைப்படகில்தான். 61 நாள் தடைக்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். அண்ணனுடைய பில்லை அவனிடம் காட்டினேன். ஐந்து தடவை போனால் தீர்ந்தது என்று சிரித்தான்.

இன்னொன்று. படகில் சமைப்பது நாங்கள்தான். அடுப்பு, அரிசி, மசாலா எல்லாம் கொண்டுபோவோம். மீனைக் கடல் தண்ணீரில் அலசி, கையால் புளி கரைத்து, ஆட்டத்துக்கு நடுவில் சட்டி கவிழாமல் பிடித்துக்கொண்டு வைக்கிற குழம்பு எந்த வீட்டிலும் வராது. கரைக்கு வந்தால் அதே கை கரண்டியைத் தொடாது. என் வீட்டுக்காரி கடல்பாசி எடுக்கப் போகிறவள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நாலைந்து மணி நேரம் தண்ணீரில் முங்கிப் பாசி பறித்துவிட்டு வந்து, ஈரச் சேலையை மாற்றிவிட்டு அடுப்படிக்குத்தான் போவாள். மண்டபத்துத் தங்கச்சி கேட்டது எனக்கும் சேர்த்துத்தான்.

தொதல்:
கீழக்கரையில் இருந்து சலாம். வீடா ஓட்டலா என்று அடித்துக்கொள்கிறீர்கள். எங்கள் ஊரில் நல்ல சாப்பாடு இரண்டிலும் இல்லை காக்கா (அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்)!

கல்யாணக் களறிக்கு, அதாவது விருந்துக்கு, வந்து பாருங்கள். பண்டாரி என்கிற சமையல்காரர் விறகடுப்பு மூட்டி, பெரிய தேக்சாவில் கறியும் நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆக்குவார். ஒரு சகனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைப்போம். பில்லும் இல்லை, பாத்திரம் தேய்க்க யாரும் வீட்டில் காத்திருப்பதும் இல்லை. இந்தக் கறியை ஓட்டலில் வைக்கப் பார்த்தவர்கள் உண்டு. பத்து கிலோவுக்கு வருகிற பக்குவம் இரண்டு கிலோவுக்கு வராது. வீட்டில் உம்மா வைத்தாலும் வராது, அவரே ஒத்துக்கொள்வார்.

எங்கள் ஊர் தொதலும் அப்படித்தான். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் எண்ணெய் பிரிந்து வரும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், கை ஓயக் கூடாது. இன்றைக்கு வீட்டில் யார் கிண்டுகிறார்கள்? கடையில் வாங்கித்தான் வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டுகிறோம். ஒருவரும் குறை சொல்வதில்லை.

உப்புக்காற்று:
தொதல் தம்பி, கல்யாணம் தினமும் வருமா? பேச்சை மாற்றாதீர்கள்.

நாட்டுப்படகு சொன்னதில் ஒன்று உறைத்தது. கறிக்கு ஒதுக்குகிற மீன் என்பதை நான் யோசித்ததில்லை. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. அண்ணாச்சி, காரலும் சூடையும் அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே, உங்கள் மெஸ்ஸில் ஏன் போடக் கூடாது? இந்த ஊருக்கு வருகிறவன் இந்த ஊர்ச் சாப்பாட்டைத் தின்றுவிட்டுப் போகட்டுமே.

சட்டியும் கரண்டியும்:
போட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மாதம் காரல் குழம்பு போட்டுப் பார்த்தேன். பஸ் பிடிக்க இருபது நிமிஷம் வைத்துக்கொண்டு வருகிறவனால் காரல் தின்ன முடியாது. இலையில் முள்ளைக் குவித்துவிட்டு, "என்னங்க ஒரே முள்ளு" என்று கல்லாவில் சண்டை. கோயிலுக்கு வந்துவிட்டுப் போகிற வெளியூர்க்காரர்கள் அதைத் தொடவே இல்லை. உள்ளூர்க்காரர்கள், "இதைத்தான் வீட்டில் தின்கிறோமே, இதற்குக் காசா" என்றார்கள். போதாததற்கு மீன் ஆய்வதற்கு என்றே இரண்டு அக்காக்களுக்கு நாள் கூலி. பத்தாம் நாள் ஓர் அக்கா, "இதை வீட்டிலயும் செஞ்சு இங்கயும் செய்யவா" என்று நின்றுவிட்டார்.

முள் இல்லாத துண்டு மீனுக்கு மட்டும்தான் ஓட்டலில் காசு கொடுப்பார்கள். நான் என்ன செய்ய?

மண்டபத்துக்காரி:
அந்த அக்காவை எனக்குப் பிடித்துவிட்டது.

உப்புக்காற்று அண்ணே, முடிவாக ஒன்று கேட்கிறேன். வருகிற ஞாயிறு ஒரு கூறு காரல் வாங்கி, நீங்களே ஆய்ந்து, நீங்களே குழம்பு வையுங்கள். அண்ணி அடுப்படிப் பக்கம் வரக் கூடாது. அதன்பிறகு 1,638 ரூபாய் அதிகமா குறைவா என்று இங்கே எழுதுங்கள்.

உப்புக்காற்று (அடுத்த ஞாயிறு, மாலை 4 மணி):
செய்தேன்.

ஒரு கூறில் 43 காரல். எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆய்வதற்கு மட்டும் ஒரு மணி பத்து நிமிஷம். வலது கட்டைவிரலில் இரண்டு இடத்தில் முள். முதல் பதினைந்து மீனில் செவுளையே எடுக்கவில்லை என்று மனைவி கூடத்தில் இருந்தபடியே கண்டுபிடித்தாள், எப்படி என்று தெரியவில்லை. திரும்ப எடுத்தேன். குழம்பு கொதித்த பிறகு கரண்டியை விட்டுக் கிண்டிவிட்டேன். பாதி மீன் கரைந்து முள்ளும் சாறுமாகப் போய்விட்டது. சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து லேசாகச் சுழற்றத்தான் வேண்டுமாம். இருபது வருஷமாக அவள் அப்படிச் செய்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன்.

ஓட்டல் குழம்பு பற்றி நான் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை. கலர்ப்பொடி கலர்ப்பொடிதான். ஆனால் 300 ரூபாய்க் கணக்கை வாபஸ் வாங்குகிறேன். இரவுக்கு வெளியே போகிறோம். மகள் புரோட்டா கேட்கிறாள். மனைவி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, சேலை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

மிஞ்சிய குழம்பு இட்லிக்கு ஆகுமா? அரை மூடித் தேங்காய் அரைத்து ஊற்றியிருக்கிறேன்.

மண்டபத்துக்காரி:
காரலுக்குத் தேங்காய் அரைத்தீர்களா? யார் அண்ணே சொல்லிக் கொடுத்தது? புளி, பச்சை மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை. தீர்ந்தது. அதனால்தான் மீன் கரைந்திருக்கிறது.

நாட்டுப்படகு:
கிண்டினதால் கரைந்தது. தேங்காய் மேல் பழி போடக் கூடாது. ஆனால் படகில் நாங்களும் தேங்காய் போட மாட்டோம்.

தொதல்:
தேங்காய்ப்பால் இல்லாமல் மீனாணமா (மீன் குழம்பைத்தான் சொல்கிறேன்)? உம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.